தொண்ணூறு நாள் இலை

வில்னியுசில் பிப்ரவரி.
நேரிஸ் ஆறு பாதி உறைந்து
மீதிப் பாதியோடு ஓடுகிறது.
டிராலிபஸ் திரும்பும்போதெல்லாம்
சமையலறை ஜன்னல் அதிர்கிறது.
மேசையில் என் மடிக்கணினி,
எதிரே பீட்ரூட் வெட்டும் பலகை, அதன் சிவப்பு.
நான் ஒரு பூட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பூட்டையும் நான்தான் எழுதினேன்.
மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால் திறக்கும்.
சேராவிட்டால்
தொண்ணூறு நாள் கழித்து
யாத்விகாவின் சாவி மட்டும் போதும்.
சிறையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு
விறகும் மருந்துமாகப் போகும் பணம் அது.
எட்டு வரி நிரல்.
அழகாயிருக்கிறது என்றார்கள்,
நம்பினேன்.

பூட்டியிருக்கும்வரை யாருக்கும் தெரியாது.
ஒருமுறை திறந்தால்
எட்டு வரியும் பேரேட்டில் ஏறிவிடும்,
நடந்தது மட்டுமல்ல
நடக்காமல் போனதும்.
மருந்துக்கடையில் சில்லறை எடுக்க
உயிலை விரித்துக் காட்டுவது போல.
அந்த ஏட்டைக் கரையான் தின்னாது.

ஹ்ரோத்னாவில் ஓர் அறை.
அதிகாரி ஒரு தாளைத் திருப்பி வைத்தாராம்
யாத்விகாவின் பக்கம்.
என் எட்டு வரி, அச்சில்.
நிபந்தனைகளை நான் அடுக்கும் வரிசைகூட மாறாமல்.
அப்படி ஒரு பூட்டு
வேறு யாரிடமும் இல்லை,
அதுவே அங்க அடையாளம்.
"மூன்றாவது சாவி யாருடையது?
அதென்ன தொண்ணூறு?"
கத்தவில்லை. தேநீர் கொடுத்தாராம்.
அம்மாவுக்கு விறகு அவ்வளவு நாள்தான் வரும் என்று
அவள் சொல்லவில்லை.
எதையுமே சொல்லவில்லை.
பதினோராம் நாள் விட்டார்கள்.
இப்போது எதிரே பீட்ரூட் வெட்டுகிறாள்.

(மூன்றாவது சாவி யாருடையதென்று
இங்கேயும் எழுதமாட்டேன்.)

புதிய பூட்டில்
ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு மரத்தின் தனி இலை.
வேண்டிய இலையை மட்டும் காட்டலாம்.
மற்றவை இருப்பதற்கு
எண்களின் ஒரு முடிச்சு சாட்சி சொல்லும்,
இன்னது என்று சொல்லாது.
மூவரும் ஒத்துப்போனால் இலையே வேண்டாம்,
சாவிகளைக் கூட்டிவிடலாம்.
கூட்டல்தான்.
பள்ளியில் போட்டதற்குத் தூரத்து உறவு.
வருவது ஒரே சாவி, ஒரே கையொப்பம்.
பார்ப்பவனுக்கு
எவனோ காலணி வாங்கியிருக்கிறான்.

முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்க முடியாது, சரி.
பூசணியே சோறாகிவிட்டால்?

கீழ்வீட்டு ரிம்காவ்தஸ்
வரித்துறையில் தணிக்கையாளராக இருந்தவர்,
ரொட்டி கொண்டுவந்தவர் நின்றபடியே கேட்டார்:
"திருடனுக்கும் இதே பூட்டுதானே?"
ஆமாம் என்றேன்.
"அப்புறம்?"
"திருடன் வீட்டிலும் திரைச்சீலை இருக்கிறது."
அது பதில் இல்லை என்று
அவருக்கும் தெரிந்தது, எனக்கும்.
ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் ஓட்டைகள் உண்டு.
தொகை தெரியும். நேரம் தெரியும்.
ஊரே இந்தப் பூட்டுக்கு மாறும்வரை
புதுச்செருப்பு மாதிரி
கிறீச்சிடும்.

நள்ளிரவு தாண்டியிருந்தது.
கையைத் துடைத்துக்கொண்டு
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.
"தொண்ணூறு நாள் இலை இன்னும் இருக்கிறதா?"
இருக்கிறது.
"நூற்றிருபதாக்கு.
அம்மா கூடுதலாக விறகு வாங்கிவிட்டாள்."

அப்போதுதான் பார்த்தேன்,
கதவோரம் அவள் பை.
வெளியே டிராலிபஸ் நின்றுபோயிருந்தது,
முதல் பேருந்து எல்லைக்கு ஐந்தரைக்கு.

ஏன் என்று கேட்கவில்லை.
மூன்று இலக்கம் அடித்தேன்.
இரண்டு நாற்பதுக்குப் பணம் இடம் மாறியது.
உலகம் முழுவதும் பார்த்தது,
யாரோ காலணி வாங்கினார்கள்.

நான் எழுதியதிலேயே
கவனமாக எழுதிய வரி அது.
யாரும் அதைப் படிக்க நேராமல்
போகட்டும்.